மங்கிய அச்சா, நாணயச்சாலைப் பிழையா? சிங்கப்பூர்ச் சேகரிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தீபாவளிக்கு வீட்டை ஒதுக்கும்போது பழைய மைலோ டின்னில் சில்லறை கிடைக்கிறது. அதில் ஒரு 50 காசில் எழுத்து பாதி இல்லை. இன்னொன்றில் ஆண்டு இரட்டையாகத் தெரிகிறது. இணையத்தில் பார்த்தால் அதே மாதிரி ஒன்றுக்கு யாரோ 300 வெள்ளி கேட்டிருக்கிறார்கள். இந்த இடத்தில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே. விற்பவர் கேட்கும் விலை விலையே அல்ல, விற்று முடிந்த விலைதான் விலை என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறோம்.

ஸ்டிரைக் என்கிறார்கள், எரர் என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு கொஞ்சம் குறைந்தாலோ, அழுத்தம் போதாமல் போனாலோ மூலையில் உள்ள பூ வேலைப்பாடு சரியாக விழாது. கொழுக்கட்டை கொழுக்கட்டைதான், வடிவம் மட்டும் மழுங்கல். இதுதான் ஸ்டிரைக் தரம்: ஓர் அடியில் உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் எவ்வளவு தூரம் ஏறியது என்பது. அது ஓர் அளவு. முழுமையாக ஏறியிருக்கலாம், முக்கால்வாசி ஏறியிருக்கலாம், பாதியோடு நின்றிருக்கலாம். குறைவாக ஏறியதைத்தான் மங்கிய அச்சு என்கிறோம்.

அதே அச்சில் விரிசல் விழுந்தால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கொழுக்கட்டையிலும் அந்தக் கோடு இருக்கும். அச்சு நகர்ந்து போய் மாவின் ஓரத்தில் மட்டும் பதிந்தால் ஒரே ஒரு கொழுக்கட்டை கோணலாகும். இவை பிழைகள். நடக்கக் கூடாத ஒன்று ஏதோ ஒரு கட்டத்தில் நடந்திருக்கிறது.

மூன்றாவது ஒன்றும் உண்டு, அதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நல்ல கொழுக்கட்டை தரையில் விழுந்து நசுங்குவது. நாணயச்சாலையை விட்டு வெளியே வந்தபின் ஏற்பட்ட சேதம் எவ்வளவு விசித்திரமாகத் தெரிந்தாலும் பிழை ஆகாது. ஆக, ஒரு நாணயத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டியது இது எந்தக் கட்டத்தில் நடந்தது என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்தால் பெயர் தானாக வரும்.

அப்படியானால் அந்தக் கட்டங்கள் எவை?

உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. உருட்டித் தகடாக்கியதால் இறுகிப்போன உலோகத்தைச் சூளையில் சூடாக்கி மென்மையாக்குகிறார்கள். கழுவி உலர்த்துகிறார்கள். ஓரத்தை உள்நோக்கி அழுத்தும் எந்திரத்தில் உருட்டி, விளிம்பை லேசாக உயர்த்துகிறார்கள். பிறகு அச்சடிப்பு: கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் காலர் எனப்படும் வளையம். வில்லை காலருக்குள் விழுந்ததும் மேல் அச்சு இறங்குகிறது, உலோகம் பள்ளங்களிலும் காலரின் பற்களிலும் பாய்கிறது, நாணயம் வெளியே தள்ளப்படுகிறது. இன்றைய அதிவேக எந்திரங்கள் நிமிடத்துக்கு 700க்கும் மேல் அடிக்கக்கூடியவை. அந்த வேகத்தில் ஒன்றிரண்டு தப்பிப் போவதில் வியப்பில்லை.

பிழைகளை மூன்று குடும்பமாகப் பிரிப்பது வழக்கம். வில்லையில் வந்த பிழை, அச்சில் வந்த பிழை, அடிக்கும்போது வந்த பிழை. அச்சுப் பிழை அந்த அச்சிலிருந்து வந்த எல்லா நாணயங்களிலும் ஒரே இடத்தில் இருக்கும். மற்ற இரண்டும் பெரும்பாலும் தனித்தனி நாணயத்தின் கதை.

நல்ல எந்திரம் இருந்தும் அச்சு ஏன் மங்கலாக விழுகிறது?

மிகப் பொதுவான காரணம் சிக்கனம். இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான இடைவெளியைச் சற்றுக் கூட்டி வைத்தால் அச்சு நீண்ட நாள் உழைக்கும். அதற்கு விலையாக, மிக ஆழமான பள்ளங்கள் நிறையாமல் போகும். சூளையில் போதுமான அளவு மென்மையாகாத வில்லையும், தடிமன் குறைந்த வில்லையும் இதே விளைவைத் தரும். எஃகு செம்பைவிடக் கடினம். இந்தியாவின் துருப்பிடிக்காத எஃகு நாணயங்களில் புதிதாக இருக்கும்போதே எண்கள் சப்பையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு காரணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. ஒரு பக்கத்தின் மிக உயர்ந்த பகுதிக்கு நேர் பின்னால் மறுபக்கத்தின் உயர்ந்த பகுதியும் இருந்தால், இருக்கும் உலோகத்துக்கு இரண்டும் போட்டியிடும். யாராவது ஒருவர் தோற்க வேண்டும். அமெரிக்காவின் 1921ஆம் ஆண்டு பீஸ் டாலரில் புடைப்பு மிக உயரம். நடுவில் இருக்கும் கூந்தல் பகுதி பெரும்பாலும் நிறையவே இல்லை. 1922இல் புடைப்பைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அடித்த மோர்கன் டாலர்களில் காதுக்கு மேலே உள்ள முடி சப்பையாக இருப்பதும் சேகரிப்பாளர்களுக்குப் பழகிய விஷயம்.

தேய்ந்த அச்சு தனி ரகம். எழுத்துகள் விளிம்பை நோக்கி இழுபட்டது போல் இருக்கும், வெற்றுத்தளம் ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாகும். இதை அச்சின் முதுமை என்று சொல்லலாம். பிழை என்று யாரும் கூடுதல் விலை தர மாட்டார்கள்.

சிங்கப்பூர் நாணயங்களில் ஸ்டிரைக்கைச் சோதிக்க எங்கே பார்க்க வேண்டும்?

1985இல் தொடங்கிய மலர் வரிசையில் அரசுச் சின்னப் பக்கத்தை எடுங்கள். கேடயத்துக்குள் இருக்கும் பிறையும் ஐந்து விண்மீன்களும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? இருபுறமும் நிற்கும் சிங்கம், புலி இரண்டின் முகமும் உடல் கோடுகளும் பிரிந்து தெரிகின்றனவா? கீழே நாடாவில் உள்ள எழுத்துகளைப் படிக்க முடிகிறதா?

தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. நான்கு மொழிகளில் நாட்டின் பெயர் இருக்கிறது. அதில் ‘சிங்கப்பூர்’ என்ற சொல்லில் மெய்யெழுத்துகளின் புள்ளிகளும் ‘சி’யின் மேல்விலங்கும் மிக நுண்ணியவை. 5 காசிலும் 10 காசிலும் அழுத்தம் குறைந்தாலோ அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்தாலோ அந்தப் புள்ளிகள் சீக்கிரம் காணாமல் போகும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்து, ஒவ்வொரு புள்ளியும் உருண்டையாக நின்றால் ஸ்டிரைக் நல்லது என்று நம்பலாம். ‘சிஙகபபூர்’ என்று படிக்கும்படி இருந்தால் மங்கிய அச்சு. எழுத்துப்பிழை நாணயம் என்று சொல்லி விற்க வேண்டாம்.

மறுபக்கத்தில் மலரின் நடுப்பகுதி, இலை நரம்புகள். 2013 ஜூன் 25 அன்று வந்த மூன்றாம் வரிசையில் கட்டடங்களின் கோடுகளும் ஒரு வெள்ளியில் மெர்லயனின் செதில்களும் நல்ல அளவுகோல். அந்த வரிசை முழுவதும் பல அடுக்கு முலாம் பூசிய எஃகு. புடைப்பு பொதுவாகத் தாழ்வு, அதனால் ‘தட்டையாக இருக்கிறது’ என்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. அதே ஆண்டு, அதே மதிப்பில் ஐந்தாறு நாணயங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் முடிவுக்கு வராதீர்கள்.

தேய்மானமா, மங்கிய அச்சா என்று எப்படிப் பிரிப்பது?

பழகினவர்களும் தடுமாறும் இடம் இது. விளக்கை ஒரு பக்கமாக வைத்து, நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழக்கத்துக்கே போகாத நாணயத்தில், சக்கரத்தின் ஆரைகள்போல் ஒளிப்பட்டைகள் சுற்றி வரும். உலோகம் நடுவிலிருந்து விளிம்புக்குப் பாய்ந்தபோது உண்டான நுண்கோடுகளே இதற்குக் காரணம். மங்கலான இடத்தின் மீதும் அந்த ஒளிப்பட்டை உடையாமல் போனால் அது மங்கிய அச்சு. உயர்ந்த இடத்தை எட்டியதும் ஒளி செத்து, அந்த இடம் மட்டும் சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ தெரிந்தால் தேய்மானம்.

இரண்டாவது அடையாளம் இன்னும் உறுதியானது. அச்சு எட்டாத இடத்தில், அடிபடுவதற்கு முன் வில்லையில் இருந்த சின்னச் சின்னக் கீறல்களும் குழிகளும் அப்படியே தங்கியிருக்கும். மற்ற இடங்களில் அழுத்தம் அவற்றை அழித்திருக்கும். தேய்ந்த இடமோ வழவழப்பாக இருக்கும்.

மூன்றாவதாக, எந்த இடம் மங்கியிருக்கிறது என்று பாருங்கள். தேய்மானம் உயரமான இடங்களில் தொடங்கி, விளிம்பையும் சேர்த்துத் தின்னும். விளிம்பு கூர்மையாக இருக்க, நடுவில் மட்டும் சப்பை என்றால் சந்தேகம் ஸ்டிரைக் பக்கம் சாய வேண்டும்.

மங்கிய அச்சு எப்போதாவது பிழையாக எண்ணப்படுமா?

கோடு மெல்லியது. சாதாரண மங்கல் பிழை அல்ல. எந்திரத்தைச் சரிசெய்யும்போதோ நிறுத்தும்போதோ மிகக் குறைந்த அழுத்தத்தில் அடிபட்டு, நிழல்போல் மட்டும் வடிவம் தெரியும் நாணயம் பிழையாகவே கருதப்படும். அப்படிப்பட்டதில் பக்கவாட்டுப் பற்களும் சரியாக விழுந்திருக்காது. பக்கவாட்டுப் பற்கள் கூர்மையாக இருந்தும் முகத்தில் வடிவம் நிழலாக மட்டும் இருந்தால், தேய்த்துப் போலி செய்திருக்கலாம்.

எண்ணெயும் உலோகத்தூளும் அச்சின் பள்ளத்தை அடைத்து ஓர் எழுத்தோ எண்ணோ காணாமல் போவது உண்டு. இது நாணயச்சாலையில் நடந்ததுதான், ஆனால் அன்றாடம் நடப்பது. பெயருக்குப் பிழை, விலைக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

விதிவிலக்காக ஒன்று: அமெரிக்காவின் 1922ஆம் ஆண்டு ஒரு சென்ட். அந்த ஆண்டு அது டென்வர் நாணயச்சாலையில் மட்டுமே அடிக்கப்பட்டது, எல்லாவற்றிலும் ‘டி’ குறி இருந்தாக வேண்டும். சிலவற்றில் குறி அடியோடு இல்லை. ‘டி’ மங்கலாகத் தெரிபவற்றுக்கு ஒரு விலை. குறி சுத்தமாக மறைந்து, பின்பக்கம் மட்டும் கூர்மையாக இருப்பவற்றுக்கு அதைவிடப் பல மடங்கு விலை. பின்பக்கம் தெளிவாக இருப்பதால் அழுத்தக் குறைவு காரணமில்லை, அந்த ஒரு அச்சின் கோளாறே காரணம் என்று அது காட்டிவிடுகிறது. ஒரே மறைந்த எழுத்து, காரணத்தைப் பொறுத்து மதிப்பு மாறுகிறது.

ஆண்டும் எழுத்தும் இரட்டையாகத் தெரிகின்றன. என்னிடம் இருப்பது இரட்டை அச்சா?

பத்தில் ஒன்பது முறை இல்லை. இரண்டு விதமான இரட்டிப்பு உண்டு.

உண்மையான இரட்டை அச்சில், அச்சைத் தயாரிக்கும்போதே வடிவம் இரண்டு முறை சற்று விலகிப் பதிந்திருக்கும். நாணயத்தில் இரண்டு உருவமும் முழு உயரத்தோடு, உருண்டையாக நிற்கும். எழுத்துகள் வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். எழுத்தின் மூலைகளில் இரண்டாகப் பிளந்ததுபோல் ஒரு வெட்டு தெரியும். அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு லிங்கன் சென்ட் இதற்குப் பேர்போனது. லென்ஸே வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தெரியும்.

எந்திர இரட்டிப்பு வேறு. அடித்து முடித்து அச்சு விலகும் நொடியில் தளர்வால் லேசாக அசைந்து, புதிதாக எழும்பிய எழுத்தின் ஓரத்தைத் தள்ளிவிடுகிறது. அதனால் எழுத்தின் பக்கத்தில் தாழ்ந்த, தட்டையான, பளபளக்கும் ஒரு படிக்கட்டு உண்டாகும். எழுத்து தடிப்பதற்குப் பதில் மெலியும். எல்லா எழுத்திலும் ஒரே திசையில் இருக்கும். மதிப்பு ஏதும் சேராது.

சோதனை எளிது: அதே ஆண்டின் சாதாரண நாணயத்தில் எழுத்தின் அகலத்தை ஒப்பிடுங்கள். மொத்த அகலம் கூடியிருந்தால் மேலே ஆராயலாம். கூடவில்லை என்றால் விட்டுவிடலாம்.

மேடாக ஒரு கோடு, ஓரத்தில் ஒரு கட்டி. இவை என்ன?

மேடா பள்ளமா என்பதே முதல் கேள்வி. அச்சில் விரிசல் விழுந்தால் உலோகம் அதற்குள் பாயும், ஆகவே நாணயத்தில் கோடு மேடாக இருக்கும். பள்ளமாக இருந்தால் அது கீறல். விரிசல் விளிம்பைத் தொட்டு அச்சின் ஒரு துண்டே உடைந்து விழுந்துவிட்டால், அந்த இடத்தில் வடிவமில்லாத ஒரு மேடு விளிம்போடு ஒட்டி இருக்கும். அது உண்மையா என்று பார்க்க நாணயத்தைத் திருப்புங்கள். உடைந்த பள்ளத்துக்குள் உலோகம் ஓடிவிட்டதால் நேர் மறுபக்கமும் மங்கலாக இருக்க வேண்டும். மறுபக்கம் கூர்மையாக இருந்தால் யாரோ ஈயமோ பசையோ வைத்திருக்கலாம்.

வெற்றுத்தளத்தில் மறுபக்க வடிவத்தின் நிழல்கோடு இடம்வலம் மாறித் தெரிகிறதா? வில்லை விழாமலே இரண்டு அச்சும் மோதிக்கொண்டதன் தழும்பு அது. அழகானது, மலிவானது.

மலர் வரிசையின் ஒரு காசு துத்தநாகத்தின் மீது செம்பு முலாம் பூசியது. அதில் முலாமுக்கு அடியில் காற்று சிக்கி உண்டாகும் கொப்புளங்களை அச்சுச் சில்லு, அதாவது அச்சு உடைந்ததால் வந்த மேடு என்று பலர் நினைக்கிறார்கள். பல்குச்சியின் நுனியால் மெல்லத் தொட்டால் கொப்புளம் அமுங்கும், சில்லு அமுங்காது. மதிப்புள்ளதாகத் தெரிந்தால் தொடவே வேண்டாம்.

ஓரம் கடித்ததுபோல் வளைவாக வெட்டுப்பட்டிருக்கிறது. உண்மையா, யாராவது வெட்டினார்களா?

தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மீதே வெட்டுக்கருவி இறங்கினால் இப்படிப் பிறைவடிவக் குறை வரும். இது வில்லைப் பிழை. வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். விளிம்பை உயர்த்தும் எந்திரத்தில் உருளும்போது குறைபட்ட பக்கம் அழுத்தம் கொடுக்காததால், எதிர்ப்பக்க விளிம்பும் தாழ்ந்தோ மறைந்தோ இருக்கும். பிளேக்ஸ்லி விளைவு என்று இதற்குப் பெயர். எல்லாவற்றிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது, இருந்தால் நல்ல சாட்சி.

வெட்டின் அருகில் உள்ள எழுத்துகள் வெட்டை நோக்கி லேசாக இழுபட்டிருக்கும், ஏனென்றால் அடிக்கும்போது அங்கே தடுக்க ஒன்றுமில்லை. அரத்தால் தேய்த்ததில் எழுத்து சட்டென்று அறுபட்டு நிற்கும், அரத்தின் கோடுகளும் தெரியும். எடையும் பொருந்த வேண்டும்: மலர் வரிசை 50 காசு 7.29 கிராம். பரப்பில் ஐந்து சதவீதம் குறைந்திருந்தால் ஏறக்குறைய 6.93 கிராம் வர வேண்டும்.

வடிவம் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால்?

வில்லை காலருக்குள் சரியாக உட்காராமல் அடிபட்டது. ஒரு பக்கம் வெற்றுப்பிறை, மறுபக்கம் எழுத்து வெட்டுப்பட்டிருக்கும். விளிம்பு மட்டும் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வடிவத்தின் ஒரு பகுதியாவது நாணயத்துக்கு வெளியே போயிருக்க வேண்டும். 10 சதவீதத்துக்கு மேல் நகர்ந்து, ஆண்டும் முழுதாகத் தெரிந்தால் நல்ல விலை போகும். ஆண்டு போய்விட்டால் பாதி சுவை போய்விட்டது.

காலரே இல்லாமல் நடுவில் அடிபட்டால் வடிவம் முழுதாக இருக்கும், ஆனால் நாணயம் அகன்று, பக்கவாட்டில் பற்கள் இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். எடை மாறாது, விட்டம் கூடும்.

மூன்றாம் வரிசை ஒரு வெள்ளியில் வெளிவளையமும் நடுவட்டும் தனித்தனி. நடுவட்டு ஒருபுறம் சாய்ந்து இடையில் பிளவு தெரிவது, நடுவட்டே இல்லாமல் வளையம் மட்டும் அடிபடுவது ஆகியவை உண்மையான பிழைகள். ஆனால் சுத்தியலால் தட்டி நடுவட்டைக் கழற்றுவது எளிது. அடிபடும்போது வட்டு இல்லாதிருந்தால் வளையத்தின் உள் ஓரம் தடுப்பில்லாமல் உள்நோக்கி வழிந்திருக்கும். பின்னால் கழற்றியதில் உள் ஓரம் நேராக, வட்டு பற்றியிருந்த தடத்தோடு இருக்கும்.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நேரில் இல்லை. எத்தனை பாகை இருந்தால் பிழை?

நாணயத்தை இரு விரலால் மேலும் கீழும் பிடித்து, கதவைத் திறப்பதுபோல் பக்கவாட்டில் திருப்புங்கள். அதே வரிசையைச் சேர்ந்த நாலைந்து நாணயங்களையும் அப்படியே திருப்பி ஒப்பிடுங்கள். பத்துப் பதினைந்து பாகை விலகல் சாதாரணம். 90, 180 என்றால் கவனிக்கத் தக்கது. அமெரிக்க நாணயங்களில் பின்பக்கம் தலைகீழாக இருப்பதே முறை. சுற்றுலாவிலிருந்து கொண்டுவந்த குவார்ட்டரைப் பார்த்து யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம்.

எடையும் காந்தமும் எவ்வளவு உதவும்?

மிகவும் உதவும். 0.01 கிராம் காட்டும் சிறு தராசும் ஒரு காந்தமும் இருந்தால் பாதிச் சந்தேகம் வீட்டிலேயே தீரும். மலர் வரிசையின் அளவுகள்: ஒரு வெள்ளி 6.3 கிராம், 22.4 மில்லிமீட்டர், 50 காசு 7.29 கிராம், 10 காசு 2.6 கிராம், ஒரு காசு 1.24 கிராம். மூன்றாம் வரிசை ஒரு வெள்ளி 7.62 கிராம், 24.65 மில்லிமீட்டர். இரண்டு சதவீதம் கூடக்குறைய இருப்பது வழக்கம்.

மூன்றாம் வரிசை எஃகு, காந்தத்தில் ஒட்டும். மலர் வரிசை 50 காசு செம்பு-நிக்கல், ஒட்டாது. இதற்கு மாறாக நடந்தால் வேறு நாட்டு வில்லையிலோ வேறு மதிப்பின் வில்லையிலோ அடிபட்டதா என்று எடையைப் பார்த்து ஆராயலாம்.

ஒரு பொறி: 1967இல் தொடங்கிய முதல் வரிசையின் ஒரு காசு தொடக்கத்தில் வெண்கலம், 1976 முதல் செம்பு போர்த்திய எஃகும் வந்தது. 1980களின் முற்பகுதியில் 5 காசிலும் எஃகு உள்ளீடு கொண்டவை உண்டு. அதனால் அதே வரிசையில் ஒன்று ஒட்டுவதும் ஒன்று ஒட்டாததும் அதிகாரபூர்வ மாற்றம். போலிகளைப் பிடிக்கவும் காந்தம் உதவும். 1943ஆம் ஆண்டு அமெரிக்க சென்ட் எஃகில் வந்தது, தவறுதலாக வெண்கலத்தில் அடிபட்ட சில மட்டும் பெரும் விலை. எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசி விற்பவர்களைக் காந்தம் உடனே காட்டிக்கொடுக்கும்.

பிழைபோல் தோன்றும் சேதங்கள் எவை?

துணி உலர்த்தும் எந்திரத்தில் மாட்டிக்கொண்ட நாணயம்: பல நாள் உருண்டு அடிபட்டு விளிம்பு தடித்து உள்பக்கமாக மடங்கும், விட்டம் சுருங்கும், முகம் மட்டும் ஓரளவு தப்பும். இதைச் ‘சின்ன வில்லையில் அடித்தது’ என்று விற்கிறார்கள்.

அமிலத்தில் போட்டது: மெலிந்து, எடை குறைந்து, மேற்பரப்பு மணல்போல் இருக்கும். எழுத்தும் அதே விகிதத்தில் மெலிந்திருக்கும்.

இரண்டு நாணயத்தைப் பட்டறைப் பிடியில் வைத்து நெரித்தது: கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழ் எழுத்து குழிவாகப் பதிந்திருக்கும். முன்பு அடித்த நாணயம் அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் தலைகீழ் உருவம் பதிப்பது உண்மையான பிழைதான். ஆனால் அதில் அந்தப் பக்கத்துக்குரிய அசல் வடிவம் இருக்காது, மறுபக்கம் நன்றாக விழுந்திருக்கும். நெரித்ததில் பழைய வடிவம் நசுங்கிக் கீழே தெரியும்.

இரண்டு பக்கமும் ஒரே முகம் உள்ளது: பெரும்பாலும் வித்தைக்காரர்களுக்காகக் கடைந்து பொருத்தியது. விளிம்பின் உட்புறம் மயிரிழைபோல் ஓர் ஒட்டு தெரியும். மேசையில் போட்டால் ஓசை மந்தமாக இருக்கும்.

பதக்கமாகக் கோத்து, பின்னர் கண்ணியை எடுத்துவிட்ட நாணயங்களும் தேக்காப் பக்கம் நிறைய உண்டு. மேல் விளிம்பில் பற்றவைத்த தடம் பார்க்கவும்.

வடிவம் மாறியிருந்தால் அதுவும் பிழைதானா?

வேண்டுமென்றே செய்த மாற்றம் பிழையாகாது, அது வகை. மலர் வரிசையில் அரசுச் சின்னத்தின் கீழுள்ள நாடாவின் வளைவு 1992 முதல் வேறு. 50 காசின் பக்கவாட்டில் முதலில் பற்கள், பின்னர் எழுத்துகள். இவற்றைப் பிழை என்று விலை ஏற்றிக் கேட்பவர்கள் உண்டு.

பிரிட்டிஷ் இந்தியாவின் 1911ஆம் ஆண்டு ரூபாயில் ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை பன்றிபோல் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்து, 1912இல் திருத்தினார்கள். அச்சு விழுந்ததில் குறையில்லை, வரைந்ததில் குறை. அதற்கு மாறாக, பிரிட்டனின் 2008ஆம் ஆண்டு 20 பென்ஸில் புதிய பின்பக்கத்தோடு பழைய முன்பக்க அச்சைச் சேர்த்துவிட்டதால் ஆண்டே இல்லாமல் போனது. சேரக் கூடாத இரண்டு அச்சு சேர்ந்தது, சுத்தமான பிழை.

மங்கிய அச்சு தர மதிப்பெண்ணைக் குறைக்குமா?

உலகெங்கும் பயன்படும் ஷெல்டன் அளவு 1 முதல் 70 வரை. 60 முதல் மேலே உள்ளவை புழக்கத்துக்குப் போகாதவை. மங்கிய அச்சு ஒரு நாணயத்தை 60க்குக் கீழே தள்ளாது, ஆனால் 65க்கு மேலே ஏற விடாமல் பிடித்துக்கொள்ளும். மெர்க்குரி டைம் எனப்படும் பழைய அமெரிக்க 10 சென்ட் நாணயத்தின் பின்பக்கத் தண்டுக்கட்டில் குறுக்குக் கயிறுகள் முழுதாகப் பிரிந்து தெரிந்தால் மதிப்பீட்டு நிறுவனங்கள் அதைத் தனியாகக் குறிப்பிடுகின்றன. அந்த ஒரு குறிப்புக்காக விலை பல மடங்காவதும் உண்டு. சிங்கப்பூர் நாணயங்களில் அவ்வளவு தூரம் யாரும் போகவில்லை. ஆகவே நல்ல ஸ்டிரைக் உள்ளதைச் சாதாரண விலைக்கே பொறுக்கி எடுக்க முடிகிறது. எங்கள் கணிப்பில் அற்ப அச்சு விரிசலைத் துரத்துவதைவிட இது புத்திசாலித்தனம்.

என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்களுக்குப் பிழை நாணயத்தை அனுப்பும்போது பிழையைப் பெயரிட்டுக் குறிக்கத் தனிக் கட்டணம் உண்டு. அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டிப் பாருங்கள். நாணயத்தின் விலை அந்தத் தொகையைப்போல் மூன்று மடங்காவது இல்லை என்றால் அனுப்புவதில் பொருளில்லை.

தெளிவாகப் பார்க்கக் கொஞ்சம் துலக்கலாமா?

கூடாது. குத்துவிளக்குக்குப் புளியும் திருநீறும் சரி, நாணயத்துக்கு இல்லை. புளியின் அமிலம் செம்புக் கலவையின் மேற்பரப்பை அரித்து இளஞ்சிவப்பாக்கும். துத்தநாக ஒரு காசில் முலாம் கீறிய இடம் வழியாக உள்ளே இறங்கிக் குழி பறிக்கும். திருநீற்றுத் தூள் மேற்பரப்பில் மயிரிழைக் கீறல்கள் போடும். முன்பு சொன்ன ஒளிப்பட்டை போய்விட்டால், மங்கிய அச்சா தேய்மானமா என்று நிரூபிக்கும் சாட்சியும் போய்விட்டது.

மென்பிளாஸ்டிக் உறைகளில் வைத்தால் பச்சைப் பிசின் படியும். அதை நீக்க மட்டும் தூய அசிட்டோன் பயன்படுத்தலாம், நகப்பூச்சு நீக்கி அல்ல. கண்ணாடிக் கிண்ணத்தில், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தொலைவில், ஐந்து நிமிடம் ஊறவிட்டு, புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசித் தானாக உலர விடுங்கள். தேய்க்காதீர்கள்.

இங்கே சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். முலாம் பூசிய எஃகில் முலாம் விடுபட்ட பிழை நாணயம் இருந்தால் அந்த இடம் சில மாதத்தில் துருவேறும். கேமராவுக்கு வாங்கும் ஈரம்நீக்கிப் பெட்டியை 40 முதல் 50 சதவீதத்தில் வைத்தால் போதும். பெட்டி இல்லாதவர்கள் இறுக்கமான டப்பாவில் சிலிக்கா பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் மாற்ற வேண்டும்.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

நான்கு படங்கள்: முன், பின், பக்கவாட்டு ஓரம், பிழை உள்ள இடம் நெருக்கமாக. ஒளி பக்கவாட்டிலிருந்து விழ வேண்டும். நேர் மேலிருந்து ஃபிளாஷ் அடித்த படத்தில் மேடும் பள்ளமும் மாறித் தெரியும். தராசின் மேல் வைத்து எடுத்த ஒரு படம், எண்கள் தெரியும்படி. ‘எரர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த வகை என்று கேளுங்கள். பக்கவாட்டுப் படம் தர மறுப்பவரிடம் பேரம் பேச வேண்டியதில்லை. நேரில் வாங்கினால் எம்ஆர்டி நிலையத்து வெளிச்சத்தை நம்பாமல் சிறு எல்இடி விளக்கும் லென்ஸும் கொண்டுபோய், ஓரத்தைத்தான் முதலில் பாருங்கள்.